நெல்லில் எழுதிய மறுநாள்: பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் முறை

விஜயதசமியன்று பூந்தோட்டத்துக்கு அருகில் இருக்கும் கூத்தனூர் சரசுவதி கோயிலுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, தாம்பாளத்தில் பரப்பிய நெல்லில் அதன் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்துத் திரும்பும் பெற்றோரைக் காவிரிப் பாசனப் பகுதியில் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த வழக்கத்தில் குறை எதுவும் இல்லை. மறுநாள் நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மூன்றரை வயதுப் பிள்ளையை நோட்டோடும் கூர்சீவிய பென்சிலோடும் உட்காரவைத்து, ஒரு பக்கம் முழுவதும் ‘அ’ எழுதச் சொல்லிவிடுகிறார்கள். நானும் என் மூத்த மகனுக்கு அதைத்தான் செய்தேன். அவன் அழுதுகொண்டே எழுதினான். இரண்டாம் வகுப்பு முடியும்வரை பென்சிலைக் கண்டாலே முகம் சுளித்தான். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து நான் கற்றுக்கொண்டதை, வீட்டில் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர விரும்பும் அம்மா, அப்பா, தாத்தா, அப்பாயி எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எழுத்து முதலில் காதில் விழ வேண்டும். பிறகு கண்ணுக்குப் பழக வேண்டும். கடைசியாகத்தான் கைக்கு வர வேண்டும். மூன்று வயதில் காதுக்கான வேலை, நான்கில் கண்ணுக்கான வேலை, ஐந்தில் கைக்கான வேலை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பிள்ளை ஆறு மாதம் முன்னே பின்னே போகும், ஆனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

காதுக்கு முதல் வேலை

பேசும்போது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன. ‘மரம்’ என்று சொல்லும் பிள்ளைக்கு அதற்குள் ம, ர, ம் என்ற துண்டுகள் இருப்பது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அதுவரை இருந்ததில்லை. எழுத்து என்பது அந்தத் துண்டுக்கு நாம் வைத்த அடையாளம். துண்டையே கேட்டறியாத பிள்ளையிடம் அடையாளத்தை நீட்டினால், அதற்கு அது வெறும் கோலம்தான்.

ஆகவே எழுத்தைக் காட்டுவதற்கு முன்பு சில மாதங்கள் ஒலியோடு விளையாட வேண்டும். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. காய் நறுக்கும்போது, “முருங்கைக்காய், முள்ளங்கி, இரண்டும் எதில் தொடங்குகிறது?” என்று கேட்கலாம். குளிப்பாட்டும்போது, “நான் ‘ப’வில் ஒன்று சொல்வேன், நீயும் ‘ப’வில் ஒன்று சொல்ல வேண்டும்” என்று பந்தயம் வைக்கலாம். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைக் கைதட்டித் தட்டித் துண்டாக்கிச் சொல்லலாம். முதல் ஒலியைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துவிடுவார்கள்; கடைசி ஒலிக்குச் சற்று நாளாகும், நடு ஒலிக்கு இன்னும் நாளாகும். அவசரப்படுத்த வேண்டாம்.

தமிழில் இந்தக் கட்டத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டியது குறில் நெடில் வேறுபாடு. கல், கால், பல், பால், படி, பாடி, எடு, ஏடு, கொடு, கோடு என்று இணை இணையாகச் சொல்லிக் காட்டினால், ஒலியை நீட்டியதாலேயே பொருள் மாறிவிடுவதைப் பிள்ளை வியப்போடு கவனிக்கும். இயல்பாகக் கண் இமைக்கும் நேரமோ கை நொடிக்கும் நேரமோதான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. அந்த இலக்கணத்தையே விளையாட்டாக்கலாம்: குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு. விரல் நொடிக்க வராத பிள்ளை தொடையில் தட்டட்டும். இந்த விளையாட்டு பழகிய பிள்ளைக்கு, பிற்பாடு ‘க’வுக்குப் பக்கத்தில் கால் போட்டால் ‘கா’ ஆகும் என்பதை விளக்க வேண்டியதே இல்லை.

வரிசையை ஒப்பிப்பது எழுத்தறிவு ஆகாது

எங்கள் தெருவில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, அ முதல் ஃ வரை மூச்சு விடாமல் பிசகின்றி ஒப்பிப்பாள். வீட்டாருக்கு அதில் பெரும் பெருமை. ஒருநாள் நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘உ’ என்று மட்டும் எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலை மடக்கி, “அ, ஆ, இ, ஈ” என்று முதலிலிருந்து தொடங்கினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாததால் ஃ வரை போய்விட்டு, என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்கும் தாளில் இருந்த வடிவத்துக்கும் இடையே ஒட்டு எதுவும் ஏற்படவே இல்லை.

பாட்டாக ஒப்பிப்பதில் தீங்கு ஒன்றும் கிடையாது. அகர வரிசை பிற்காலத்தில் அகராதி பார்க்கவும் பயன்படும். எழுத்துத் தெரியுமா என்று அறிவதற்கு மட்டும் அது அளவுகோல் ஆகாது. எழுத்தை வரிசையிலிருந்து பிரித்தெடுத்து, வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அளவுகளில் காட்டிக் கேட்க வேண்டும். மளிகைக்கடைப் பையிலும் சுவரொட்டியிலும் அதே எழுத்தைப் பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னால்தான் அது வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

247 என்ற எண்ணையும் இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கூட்டி 247 எழுத்துகள் என்கிறோம். பெற்றோர் பலர் அந்தப் பெரிய அட்டவணையைச் சுவரில் ஒட்டி, கட்டம் கட்டமாக நகர்கிறார்கள். உண்மையில் பிள்ளை புதிதாகக் கற்க வேண்டியவை முப்பத்தொரு அடிப்படை எழுத்துகளும், அவற்றோடு சேரும் கால், கொக்கி, கொம்பு போன்ற சில குறிகளும், உகர ஊகார வரிசையின் ஒழுங்கற்ற வடிவங்களும்தான். குறிகளின் வேலையைப் புரிந்துகொண்ட பிள்ளை, மற்றவற்றைத் தானே படித்துவிடும்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது

வழக்கப்படி ‘அ’வில் தொடங்குகிறோம். கையின் பக்கமிருந்து பார்த்தால் ‘அ’ மிகவும் கடினமான எழுத்து. அதில் சுழி இருக்கிறது, பெரிய வளைவு இருக்கிறது, குறுக்கே ஒரு கோடு, பிறகு செங்குத்தாக ஒரு கோடு. ‘இ’ அதைவிடச் சிக்கல். நெல்லில் எழுதும் முதல் எழுத்து ‘அ’வாகவே இருக்கட்டும், அது வாழ்த்து. பாடத்தை வேறிடத்தில் தொடங்கலாம்.

தொடங்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பிள்ளையின் சொந்தப் பெயரின் முதல் எழுத்து. அது எவ்வளவு சிக்கலான வடிவமாக இருந்தாலும் பிள்ளை அதை விரும்பிக் கற்றுக்கொள்ளும். கண்ட இடத்திலெல்லாம் “இது என் எழுத்து” என்று உரிமை கொண்டாடும். மற்றொன்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலர் கைக்கொள்ளும் ட, ப, ம வரிசை. ‘ட’ என்பது மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும் ஒரே கோடு. வரப்பு முனையில் திரும்புவதைப் போன்றது. அதைத் தொடர்ந்து மேலே ஏற்றிவிட்டால் ‘ப’. நெல் அளக்கும் மூடியில்லாத மரக்கால் போல் நிற்கும். ‘ப’வின் வலப்பக்கக் கோட்டை மேலே கொண்டுபோய் உள்ளே மடக்கி இறக்கினால் ‘ம’. ஒரே அசைவு படிப்படியாக நீள்வதால் விரலுக்கு ஒவ்வொன்றும் முந்தையதன் தொடர்ச்சியாக வருகிறது.

இந்த மூன்றோடு மெய்யின் புள்ளியையும் கற்பித்துவிட்டால், அந்த வாரமே பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்களைப் படித்துவிடும். ‘ர’வையும் ‘க’வையும் சேர்த்தால் மரம், பக்கம், கரகம், கடகம் வந்துவிடும். புள்ளியை ஒத்திப்போடத் தேவையில்லை. ‘ம’ என்று சொல்லும்போது திறந்திருக்கும் வாய், ‘ம்’ என்னும்போது மூடிக்கொள்கிறது என்று கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினால் போதும். எழுத்துகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, நாலு எழுத்தில் நாலு சொல் படித்துவிட்டோம் என்ற உணர்வு பிள்ளையை மறுநாள் தானாகவே நம் பக்கத்தில் வந்து உட்காரவைக்கும்.

முதல் சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவனம் தேவை. நம் பேச்சும் எழுத்தும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. வீட்டில் நாத்து என்கிறோம், நாற்று என்று எழுதுகிறோம். வாய்க்கா என்கிறோம், வாய்க்கால் என்று எழுதுகிறோம். ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேடப் பழகும் பிள்ளைக்கு இத்தகைய சொற்களை முதலில் கொடுத்தால், தான் கேட்டதே தவறோ என்று குழம்பும். மாடு, ஆடு, பாட்டி, தாத்தா, நண்டு, வரப்பு போலப் பேச்சிலும் எழுத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் சொற்களை முதல் ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு நாற்றும் காற்றும் ஆறும் வரும்போது, “பேசும்போது நாத்து, எழுதும்போது நாற்று” என்று இரண்டையும் இரண்டு வழக்கமாகச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளையின் பேச்சைத் தவறு என்று திருத்த வேண்டாம். அது தன் அம்மாவிடம் கற்ற பேச்சு.

‘க’ என்ற ஒரே எழுத்து கடல், பகல், தங்கம் ஆகிய மூன்றிலும் வெவ்வேறு விதமாக ஒலிக்கிறதே, இதைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்று இளம் பெற்றோர் கேட்பதுண்டு. விளக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் வல்லொலி, எந்த இடத்தில் மெல்லொலி என்பது தமிழ் பேசும் பிள்ளையின் வாய்க்கு ஏற்கெனவே தெரியும். பஸ், பீரோ போன்ற கடன்சொற்களில்தான் இந்த ஒழுங்கு குலையும். அவற்றை மட்டும் பின்னால் தள்ளிவையுங்கள்.

மணலும் நெல்லும்

1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, ஊர் வாத்தியார் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். சில ஆண்டுகளில் அதே ஊரில் அச்சகம் நிறுவித் தமிழில் நூல்கள் அச்சிட்டார். வளர்ந்த ஒருவருக்கே பயன்பட்ட அந்த மணல், நம் பிள்ளைகளுக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று நான் வருந்துவதுண்டு. திண்ணைப் பள்ளியில் பிள்ளை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலை இழுக்கும். காது, கண், விரல் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் குவியும். தவறினால் உள்ளங்கையால் தடவினால் போதும், அழிப்பான் வேண்டாம், திட்டும் வேண்டாம்.

வீட்டில் இதைச் செய்வது எளிது. விளிம்புள்ள தாம்பாளம் ஒன்றில், விரல் இழுத்தால் அடித்தட்டு தெரியும் அளவுக்கு மட்டும் மெல்லிதாக நெல்லைப் பரப்புங்கள். அடர்த்தியாகக் கொட்டினால் கோடு மூடிக்கொள்ளும். நெல்லின் முனை சிறு விரலை உறுத்தினால் பச்சரிசியையோ சலித்த ஆற்று மணலையோ பயன்படுத்தலாம். பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள். எதிரே உட்கார்ந்து எழுதிக் காட்டினால் அதற்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் நீங்கள் ‘ப’ என்று சொல்லிக்கொண்டே எழுதுங்கள். உங்கள் தடத்தின் மேலேயே பிள்ளையின் சுட்டுவிரல் போகட்டும். பிறகு தடத்தை அழித்துவிட்டு, தானாக எழுதச் சொல்லுங்கள். மூன்று முறை போதும். நாலாவது முறை பிள்ளையே கேட்டால் மட்டும்.

நான் பார்த்த ஒரு பையன், ‘ப’வைக் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டிருந்தான். முடிந்த வடிவத்தைப் பார்த்தால் குறை தெரியாது. அவனுடைய அப்பாயி மட்டும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், “மேலேருந்து இறங்கு சாமி, அப்பத்தான் ஏற முடியும்” என்று சொல்லி அவன் விரலைத் தூக்கி இடப்பக்க உச்சியில் வைத்தார். அதுவே சரியான கவனிப்பு. தொடங்கும் இடமும் போகும் திசையும் முதலிலேயே சரியாக அமைந்துவிட்டால் பிற்காலத்தில் வேகமாக எழுதும்போது எழுத்து சிதையாது. தவறாகப் பழகிய திசையை ஏழு வயதுக்கு மேல் மாற்றுவது பெரும்பாடு.

மார்கழியில் வாசலில் கோலம் போடும்போது பிள்ளைக்கும் ஒரு ஓரம் ஒதுக்கிக் கொடுங்கள். புள்ளியைச் சுற்றி வளைக்கும் சிக்குக் கோலத்தின் வளைவுகளும் நம் எழுத்தின் சுழிகளும் ஒரே வகை அசைவுகள்.

கால், கொக்கி, கொம்பு

அடிப்படை எழுத்துகள் பத்துப் பன்னிரண்டு வந்தவுடனேயே குறிகளைத் தொடங்கிவிடலாம். முப்பத்தொன்றும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் கால். ம, மா, ப, பா, க, கா, ட, டா. உடனே மாமா, பாடம், காகம், மாடம், பாட்டம் என்று சொற்கள் பெருகும். அடுத்து இகர ஈகாரக் கொக்கிகள்: மாமி, பாட்டி, மீ, தீ.

மூன்றாவதாகக் கொம்பு வரும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதற்குத் தக்க காரணமும் உண்டு. கால் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. அதன் ஒலியும் பின்னால் வருகிறது. கொம்போ எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. அதுவரை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்து வந்த பிள்ளை, இங்கே பார்வையைத் தாண்டவிட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. ஆகவே கொம்பைத் தனியாகக் காட்டாதீர்கள். மூன்று அட்டைத் துண்டுகளை வெட்டி, நடுவில் ‘க’ உள்ள அட்டையை வையுங்கள். கொம்பு அட்டையைக் கொண்டுவந்து முன்னால் ஒட்டி ‘கெ’ என்று சொல்லுங்கள். பின்னால் கால் அட்டையைச் சேர்த்து ‘கொ’ என்று சொல்லுங்கள். காலை எடுத்துவிட்டால் மீண்டும் ‘கெ’. பிள்ளையின் கையாலேயே பத்துமுறை சேர்த்துப் பிரித்தால், மூன்று துண்டும் ஒரே எழுத்து என்பது பிடிபட்டுவிடும். ஔகாரம் இதைவிடக் குழப்பும்: ‘கௌ’வைக் ‘கெள’ என்று படிக்காத பிள்ளை அரிது. அது மிகச் சில சொற்களிலேயே வருவதால், கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையே பிள்ளை பல மாதம் தடுமாறினால் பொறுமை இழக்காதீர்கள். பழைய ஓலைச்சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்றுபோல் தெளிவான வடிவ வேறுபாடு இல்லை. கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான் 18 ஆம் நூற்றாண்டில் அதைச் சீராக்கினார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நொடிப்பு விளையாட்டை இங்கே மீண்டும் கொண்டுவந்தால் உதவும்.

உகர வரிசையைத் தனியாகப் பிரித்துக்கொண்டு, அதற்கென்று ஒரு மாதம் ஒதுக்குங்கள். இங்கே ஒரே குறி எல்லா எழுத்துக்கும் பொருந்தாது என்பதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆனாலும் குடும்பங்கள் உண்டு. சு, பு, யு, வு ஆகியவை கீழே கோடு இறக்கிக்கொள்கின்றன. து, நு, று, லு, ணு, னு ஆகியவை கீழே வளைந்து மேலே ஏறுகின்றன. இவற்றின் நெடில் பெரிய சங்கடம் தராது, தூ, நூ, லூ என்று காலை மட்டும் சேர்த்துக்கொள்ளும். கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாம் குடும்பம். பழைய பாடத்திட்ட வரிசையில் கு, ஙு, சு, ஞு என்று ஓட்டுவதைவிட, இந்தக் குடும்பங்களாகப் பிரித்து ஒன்றை முடித்த பிறகு அடுத்ததற்குப் போனால் பிள்ளைக்குச் சுமை பாதியாகும். ‘ஙு’வை எந்தச் சொல்லிலும் பிள்ளை பார்க்கப்போவதில்லை, அதற்காகக் கண்ணீர் வேண்டாம்.

தாத்தா பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1978 ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் படித்தவர்களின் கையில் ‘லை’யும் ‘னை’யும் யானைத் துதிக்கையோடு வருவது இயல்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு மட்டும் இன்றைய வடிவத்தை எழுதிக் காட்டும்படி அவர்களிடம் பணிவோடு சொல்லிவிடுங்கள்.

ஒலியால் குழப்புபவை

ந, ன, ண மூன்றையும் இரண்டு சுழி, மூன்று சுழி என்று எண்ணிச் சொல்வது வழக்கம். அது வடிவத்தை அடையாளம் காண உதவும். எந்த இடத்தில் எதை எழுதுவது என்பதற்கு உதவாது. நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே விடை இருக்கிறது. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம்: ‘த’வுக்கு முன் வருவது ந், ‘ட’வுக்கு முன் வருவது ண், ‘ற’வுக்கு முன் வருவது ன். பந்து, வண்டி, கன்று என்று மூன்று சொற்களை மனத்தில் நிறுத்திவிட்டால் எழுத்துப் பிழையில் பெரும்பகுதி தீரும். சொல்லின் தொடக்கத்தில் ‘ந’ மட்டுமே வரும். ண, ன, ற, ழ, ள தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. இரண்டு விதியையும் ஒரே ஊர்ப்பெயரில் காட்டலாம்: நன்னிலம். ஆனால் இது ஆறு வயதுக்கு மேல் சொல்ல வேண்டியது. நாலு வயதில் வேண்டாம்.

‘ழ’ பல வீடுகளில் ‘ள’வாகவே ஒலிக்கிறது. பெரியவர்கள் வாளப்பளம் என்று சொல்லிவிட்டு, பிள்ளை ‘பளம்’ என்று எழுதினால் கடிந்துகொள்வது நியாயமில்லை. நாக்கை மேலே மடித்து எங்கும் படாமல் ஒலியை விடுவது எப்படி என்று பிள்ளையின் முன் நீங்களும் பழகுங்கள்.

பேருந்துப் பலகை

நம் வட்டாரப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல வாசிப்புப் பாடம் பேருந்தின் நெற்றியில் இருக்கிறது. திருவாரூர், திருவையாறு, திருத்துறைப்பூண்டி, திருவிடைமருதூர், திருநள்ளாறு என்று எதை எடுத்தாலும் ‘திரு’ முன்னால் நிற்கிறது. இரண்டு மூன்று பலகையைப் பார்த்ததுமே பிள்ளை ‘திரு’வை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும், மீதியைப் படிக்க முயலும். மன்னார்குடியும் காரைக்குடியும் பின்பாதியில் ஒத்துப்போவதையும், ‘ஊர்’ என்பது தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் ஒளிந்திருப்பதையும் கண்டுபிடிக்கவிடுங்கள். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் நிலையிலிருந்து சொல்லைத் துண்டு துண்டாக அள்ளிப் படிக்கும் நிலைக்குப் பிள்ளை இப்படித்தான் நகர்கிறது. பேருந்து வருவதற்குள் படித்துவிட வேண்டும் என்ற துடிப்பும் அதில் இருக்கிறது. தொலைபேசிச் செயலிகள் தரும் கைதட்டல் ஒலியைவிட, “நம்ம பஸ்ஸு இதுதான்ப்பா!” என்று தான் படித்துச் சொன்னதைக் கேட்டு அப்பா ஏறுவது பிள்ளைக்குப் பெரிது.

கைக்கு வரும் காலம்

பிறக்கும்போது குருத்தெலும்பாக இருக்கும் மணிக்கட்டின் சிறு எலும்புகள், பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுகுகின்றன. மூன்று வயதுக் கை பென்சிலைப் பிடிக்க மறுப்பது பிடிவாதமன்று. அந்த வயதில் கைக்குத் தேவை பிசைவதும் கிழிப்பதும் கோப்பதும்தான்: சப்பாத்தி மாவு உருட்டுதல், பட்டாணி உரித்தல், பூத் தொடுக்கும் அம்மாவுக்குப் பூ எடுத்துக் கொடுத்தல். வாசல் தரையில் சாக்குக்கட்டியால் பெரிது பெரிதாக எழுதட்டும். பிறகு சிலேட்டு, அதன் பிறகே நோட்டு. குச்சியைக் கை முழுவதாலும் பிடிக்கும் பிள்ளைக்கு, ஓர் அங்குலத்துக்கு உடைத்த சிறு துண்டைக் கொடுத்தால் போதும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் தாமாகவே சேர்ந்து பிடிக்கும். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

எழுத்தை இடவலம் மாற்றிக் கண்ணாடி பிம்பம்போல் எழுதுவது ஆறேழு வயது வரை இயல்பு. சொம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் சொம்புதான் என்று கற்ற கண்ணுக்கு, எழுத்தைத் திருப்பினால் அது வேறாகிவிடும் என்பது புதிய செய்தி. பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. பிள்ளை நெளியத் தொடங்கும் முன்பே நாம் முடித்துவிட வேண்டும். புதிய எழுத்துக்குப் போகுமுன், பழைய மூன்றை எங்கே காட்டினாலும் சொல்கிறதா என்று பாருங்கள். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தில் பள்ளியும் திறக்கிறது. நடவும் அறுவடையும் நடக்கும் நாட்களில் இரண்டு வாரம் விட்டுப்போனாலும் குற்ற உணர்வு வேண்டாம், விட்ட இடத்துக்கு இரண்டு எழுத்து முன்னாலிருந்து தொடருங்கள். 2022 இல் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்குத் தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை அரும்பில் இருந்தால் வருத்தப்படாமல், எந்த எழுத்துகள் வரவில்லை என்று ஆசிரியரிடம் கேட்டு அவற்றை மட்டும் வீட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளை, ஐந்து வயதாகியும் வெளியாருக்குப் பேச்சு விளங்காத பிள்ளை ஆகியோருக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காட்டலாம். இரண்டாம் வகுப்பு முடியும் நேரத்திலும் எழுத்துகள் மனத்தில் நிற்கவில்லை என்றால், அடித்துப் படிக்கவைப்பதை விட்டுவிட்டு, ஆசிரியரோடும் மருத்துவரோடும் பேசுங்கள்.

ஒருநாள் பிள்ளை யாரும் சொல்லாமல் தானாக எதையாவது எழுதும். எங்கள் வீட்டில் என் பேத்தி எழுதிய முதல் வாக்கியம், அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதிய “அபாயி மாபளம் வேனும்” என்பது. அதில் ‘ப்’பும் ‘ம்’மும் விட்டுப்போயிருக்கின்றன, ‘ழ’ ‘ள’ ஆகியிருக்கிறது, ‘ண’ ‘ன’ ஆகியிருக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஒலியையும் அவளே காதால் பிரித்து அவளே எழுத்தைத் தேடி வைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் பிழையைச் சுழிக்க வேண்டாம். முதலில் மாம்பழத்தைக் கொடுங்கள். பிறகு அதே கரித்துண்டால், அதற்குக் கீழே, “அப்பாயி மாம்பழம் தந்தேன்” என்று பெரிதாக எழுதிவையுங்கள். இரண்டு வரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.